நாலடி முன்னே

சங்கப் புலவர்கள் காதலரின் நடைக்கு ஒரு பெயர் வைத்தார்கள்: உடன்போக்கு. பெற்றோர் அறியாமல் தலைவனும் தலைவியும் ஊரைவிட்டுப் புறப்பட்டுப் பாலை வெயிலில் நடந்து செல்வது அது. கல்லும் முள்ளும் காட்டு யானையும் நிறைந்த வழிதான். ஆயினும் இருவரும் சேர்ந்து நடந்தார்கள்.

எங்கள் வலியசாலையில் மணமான ஆணும் பெண்ணும் வெளியே செல்வதற்கும் ஓர் இலக்கணம் இருந்தது. எந்தப் புலவரும் அதற்குப் பெயர் சூட்டவில்லை. ஆகவே நானே சூட்டிக்கொண்டேன்: முன்போக்கு. கணவன் நாலடி முன்னே நடப்பான். மனைவி நாலடி பின்னே வருவாள். அவன் திரும்பிப் பார்க்க மாட்டான். அவள் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். அவள் பின்னால் வருகிறாளா என்பதை அவன் அறிவதற்கு ஒரே வழி, கல்தரையில் படும் மெட்டியின் ஓசை. முப்பத்தேழு ஆண்டுகள் அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டு நடந்தவன் நான்.

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது கம்பனைப் பற்றி எழுதலாமா, மனோன்மணீயம் தந்த சுந்தரம் பிள்ளையைப் பற்றி எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரைப் பற்றியும் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் இந்நகரில் உண்டு. என் தடுமாற்றத்தைக் கண்ட என் மனைவி, "நாம் நவராத்திரி மண்டபத்துக்குப் போனோமே, அன்றைக்கு நடந்ததை எழுதுங்களேன்" என்றாள். சற்றுப் பொறுத்து, "எழுதினால் உள்ளதை உள்ளபடி எழுதணும்" என்றும் சேர்த்துக்கொண்டாள். அந்த நிபந்தனைக்கு உட்பட்டே எழுதுகிறேன்.

வலியசாலையை அறியாத அன்பர்களுக்காக ஒரு சொல். திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெரு வழியாகக் கிழக்கே வந்தால் ஆரியசாலை. அதையும் கடந்தால் வலியசாலை. மலையாளத்தில் வலிய என்றால் பெரிய. தமிழில் அதற்கு வலிமையான என்றும் பொருள் உண்டு. தானாகவே முன்வந்து என்றும் பொருள் உண்டு. வலிய வந்து குடியேறியவர்களின் சாலை என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வோம். எங்கள் தெருக்கோயிலுக்குக் காந்தளூர் மகாதேவர் கோயில் என்று பெயர். ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தி பேசும் காந்தளூர்ச் சாலை இவ்விடமே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். சாலை என்பது அந்நாளில் பாதையைக் குறித்த சொல் அன்று. கற்பிக்கும் இடமும் சோறிடும் இடமும் சாலை எனப்பட்டன. என் பாட்டனாரின் முன்னோர் தாமிரவருணிக் கரையிலிருந்து இங்கு வந்தார்கள். கற்பித்தார்களா என்பது தெரியாது. சமையற்கட்டைக் கையோடு கொண்டுவந்தார்கள் என்பது உறுதி.

சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகள், திண்ணைகள், ஒவ்வொரு திண்ணையிலும் இரண்டு கண்கள். அத்தகைய தெருவில் 1969இல் எனக்குத் திருமணம் நடந்தது. பெண் சுசீந்திரத்துக்காரி. பெண் பார்க்கச் சென்றபோது என் தாயார், "பாடத் தெரியுமா?" என்று கேட்டார். அவள் பாடினாள். எட்டு ஆண்டுகள் ஒரு பாகவதரிடம் முறையாகக் கற்றவள் என்று அவள் தகப்பனார் பெருமையோடு சொன்னார். எல்லோரும் தலையசைத்தோம். சீர் வரிசையில் பித்தளைப் பாத்திரங்களோடு ஒரு சுருதிப் பெட்டியும் வந்தது. பாத்திரங்கள் வருகிற வேகத்திலேயே பரணில் ஏறின. சுருதிப் பெட்டியும் அவற்றோடு ஏறியது. ஏற்றியவன் நான்தான். ஏணியில் நின்றுகொண்டு, "இன்னும் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டதும் நினைவிருக்கிறது.

அந்நாளில் எங்கள் வீட்டில் பதினோரு பேர். நாங்கள் இருவரும் சேர்ந்து வெளியே போனதற்குக் கணக்கு எடுத்தால் கோயில், கல்யாணம், மருத்துவமனை, ரயிலடி என்று நான்கே இடங்கள். நான்குக்கும் காரணம் சொல்ல வேண்டும். காரணமில்லாமல், காற்று வாங்க, கடலைப் பார்க்க என்று கணவனும் மனைவியும் போவது வழக்கத்தில் இல்லை. சங்குமுகக் கடற்கரை சில மைல் தொலைவில்தான் இருந்தது. நானும் அலுவலக நண்பர்களும் அங்கே எத்தனையோ மாலைகள் உட்கார்ந்து நாட்டு நடப்பை அலசியிருக்கிறோம். அவளை ஒருநாள் அழைத்துப் போகலாம் என்று தோன்றியதேயில்லை.

இது என் ஒருவன் குறையா, இனத்தின் குறையா என்று பிற்காலத்தில் யோசித்ததுண்டு. சிலப்பதிகாரத்தையே பாருங்கள். இந்திர விழா முடிந்து கோவலன் கடற்கரைக்குப் போகிறான். உடன் சென்றவள் மாதவி. கண்ணகியோடு அவன் நடக்கிறான் அல்லவா, எப்போது? பொருளெல்லாம் தொலைந்த பிறகு, சிலம்பை விற்கப் போகும்போது. அடி நோக நடந்து பழகாத அந்தப் பெண் சிறிது தூரம் சென்றதுமே மதுரை எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள். கணவன் மனைவியாகச் சேர்ந்து நடக்க அவர்களுக்குக் கிடைத்தது அந்த ஒரு வழிதான். நல்ல காலத்தில் சேர்ந்து நடந்திருந்தால் ஒருவேளை காப்பியமே நமக்குக் கிடைத்திராது. காப்பியம் கிடைக்காமற் போனாலும் பரவாயில்லை என்று கண்ணகி நினைத்திருப்பாள்.

இனி நவராத்திரிக்கு வருகிறேன். நம்மைப் போல ஊர்விட்டு வந்தவர்களுக்கு இவ்விழாவில் தனி உரிமை உண்டு. ஆண்டுதோறும் மூன்று தெய்வங்கள் நாஞ்சில் நாட்டுப் பக்கத்திலிருந்து புறப்பட்டுத் திருவனந்தபுரம் வருகின்றன. பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து தேவாரக்கெட்டுச் சரஸ்வதி, வேளிமலையிலிருந்து குமாரசுவாமி, சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை. அந்தச் சரஸ்வதி, கம்பர் பூசித்த திருமேனி என்பது வழிவழி நம்பிக்கை. 1956 நவம்பர் 1ஆம் நாள் அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுக்காக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அதற்கு முன்பு ஒரே நாட்டுக்குள் நடந்த பயணம், அன்றுமுதல் மாநில எல்லையைக் கடக்கும் பயணமாயிற்று. தெய்வங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. களியக்காவிளையைத் தாண்டி, நெய்யாற்றின்கரையில் தங்கி, கரமனை வழியாக நகருக்குள் நுழைகின்றன. சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்திலும், குமாரசுவாமி ஆரியசாலையிலும், முன்னுதித்த நங்கை செந்திட்டையிலும் தங்குவது முறை. விஜயதசமி கழிந்ததும் வந்த வழியே ஊர் திரும்புவார்கள்.

திருமணமான முதல் ஆண்டு, நங்கையின் பல்லக்கைத் தொலைவில் நின்று பார்த்த என் மனைவி, "எங்கள் ஊர் நங்கை பத்து நாளைக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறாள்" என்றாள். அப்போது நான் அதைத் தல வரலாற்றுச் செய்தியாக எடுத்துக்கொண்டு ஆமாம் என்றேன்.

நவராத்திரி மண்டபத்தின் இசை விழா நாடறிந்தது. ஒன்பது நாளுக்கும் ஒன்பது கீர்த்தனைகள், எல்லாம் ஸ்வாதித் திருநாள் இயற்றியவை. முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி என்று ராகங்களும் நாளோடு பிணைக்கப்பட்டவை. மாலை ஆறு மணிக்கு முல்லமூட்டுப் பாகவதர்களின் தோடய மங்களத்தோடு தொடங்கி, எட்டரை மணிக்கு நிறைவுறும். சரஸ்வதிக்குச் செய்யும் பூசையே கச்சேரி. ஆகையால் கைதட்டல் கிடையாது. ஆண்கள் மேலாடை களைந்து வேட்டியும் நேரியதுமாக உட்கார வேண்டும்.

நான் ஆண்டுதோறும் போவேன். பெரிய ஞானம் கிடையாது. ஆனால் மண்டபத்துக்குப் போய்வந்தவன் என்ற பெயர் அலுவலகத்தில் ஒரு கௌரவம். இரவு வீடு திரும்பியதும் இலையில் உட்கார்ந்தபடியே அன்றைய கச்சேரியை மனைவிக்கு விவரிப்பேன். யார் பாடினார், எந்த ராகத்தை எவ்வளவு நேரம் ஆலாபனை செய்தார், மிருதங்கக்காரர் எப்படி முகம் சுளித்தார், முன்வரிசையில் யார் தூங்கினார் என்றெல்லாம் சொல்வேன். அவள் பரிமாறிக்கொண்டே கேட்பாள். "அப்படியா!" என்பாள். "அப்புறம்?" என்பாள். முப்பத்தேழு ஆண்டுகள், ஆண்டுக்கு ஒன்பது இரவுகள். எங்கள் இல்லறத்தில் நாங்கள் இருவர் மட்டும் மிக அதிகமாகப் பேசிக்கொண்ட பொழுதுகள் அவையே என்று இப்போது தோன்றுகிறது.

மண்டபத்துக் கச்சேரியை வானொலி நேரடியாக அஞ்சல் செய்வதுண்டு. எங்கள் சமையற்கட்டுக்கும் கூடத்துக்கும் நடுவிலுள்ள மாடத்தில் ஒரு பிலிப்ஸ் வானொலிப் பெட்டி இருந்தது. இவ்விரு செய்திகளையும் நான் ஒருநாளும் சேர்த்துப் பார்க்கவில்லை.

2006ஆம் ஆண்டு. நான் ஓய்வு பெற்று மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. தம்பிமார் தனித்தனி வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பிள்ளைகள் பம்பாயிலும் கடல் கடந்தும் வேலையில் இருந்தார்கள். பதினோரு பேர் இருந்த வீட்டில் எண்பத்தாறு வயதுத் தாயாரும் நாங்கள் இருவரும். அந்த ஆண்டு ஒரு செய்தி தெருவெங்கும் பேசப்பட்டது. நவராத்திரி மண்டபத்தில் முதன்முறையாக ஒரு பெண் பாடப் போகிறார். அவர் பாறசாலை பொன்னம்மாள்.

பொன்னம்மாளை எங்கள் பகுதிக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வலியசாலையில் வாழ்ந்தவர் அவர். 1924இல் பாறசாலையில் பிறந்து, இந்நகரில் 1939இல் தொடங்கிய ஸ்வாதித் திருநாள் இசைக் கல்விக் கூடத்தில் பெண்கள் சேரத் துணியாத காலத்தில் சேர்ந்து கற்றவர். கற்ற இடத்திலேயே ஆசிரியரானவர். திருப்பூணித்துறை இசைக் கல்லூரிக்கு முதல் பெண் முதல்வராகவும் இருந்து ஓய்வு பெற்றவர். எத்தனையோ ஆண்களுக்கு இசை சொல்லிக்கொடுத்தவருக்கு அந்த மண்டபத்தில் பாட இடம் கிடைத்தபோது எண்பது வயது கடந்திருந்தது.

செய்தியைப் பத்திரிகையிலிருந்து உரக்கப் படித்தேன். என் மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அரிவாள்மணையின் ஓசை நின்றது.

"நானும் வரேன்" என்றாள்.

முப்பத்தேழு ஆண்டுகளில் அவள் தானாக ஓர் இடத்துக்கு வருகிறேன் என்று சொன்னது அதுவே முதல்முறை. எனக்கு உடனே எழுந்த எண்ணத்தை, நிபந்தனைப்படி, மறைக்காமல் எழுதுகிறேன். அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்றே எண்ணினேன். வாயைத் திறப்பதற்குள், கூடத்துக் கட்டிலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அழைச்சுண்டு போடா. எதிர்வீட்டுப் பெண் வந்து இருப்பாள். எனக்கும் கேட்கணும்னு ஆசைதான், கால்தான் இல்லை."

அன்று மாலை நாலு மணிக்கே புறப்பட்டோம். அவள் மடிப்புக் கலையாத பட்டுப் புடைவை உடுத்தியிருந்தாள். வாசற்படி இறங்கும்போது அம்மா மறுபடியும் கூப்பிட்டார். "கூட்டமா இருக்கும். அவளை முன்னாலே விட்டுண்டு நட." நாலடி இலக்கணத்தை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். அந்தக் கிழவியின் மனத்தில் அது எப்போது தளர்ந்தது என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை தொடக்கத்திலிருந்தே அவருக்கும் அது பிடிக்காமல் இருந்திருக்கலாம்.

ஆரியசாலையில் குமாரசுவாமியை வணங்கிவிட்டுச் சாலைக் கடைத்தெருவுக்குள் நுழைந்தோம். திவான் ராஜா கேசவதாசன் அமைத்த தெரு அது. கொப்பரையும் பெருங்காயமும் வற்றல் மிளகாயும் கலந்த வாசனைக்கு நடுவே, தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்துக்குள் புழங்கும் இடம். இத்தெருவிலேயே கடை வைத்து, இதன் சுமைக்காரர்களையும் வியாபாரிகளையும் கதைகளாக்கியவர் ஆ. மாதவன். பின்னாளில், 2015இல், சாகித்திய அக்காதெமி அவருக்கு விருதளித்தது. ஆயிரம் முறை இத்தெருவில் காய்கறிப் பையோடு போயிருக்கிறேன். பையில்லாமல், வாங்குவதற்கு ஒன்றுமில்லாமல், மனைவியோடு போனது அன்றுதான். கை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

பூக்கடை அருகில் அவள் நடை மெலிந்தது. பிச்சிப்பூ குவிந்து கிடந்தது. "தோவாளைப் பூ" என்றாள். அவள் ஊருக்குப் பக்கத்துத் தோவாளையிலிருந்து தினமும் வண்டியேறி வரும் பூ. இரண்டு முழம் வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்குப் பூ வாங்கிப் போவது வேறு. நடுத்தெருவில் நின்று வாங்கி அவள் கையில் கொடுப்பது வேறு. கடைக்காரர் சில்லறை கொடுக்கும்போது புன்னகை செய்தார். அறுபத்துமூன்று வயதில் எனக்கு வெட்கம் வந்தது.

பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுக் கிழக்குக் கோட்டைக்குள் சென்றோம். பத்மதீர்த்தக் கரையில் மேத்தன் மணி இருக்கிறதல்லவா? மணி அடிக்கும்போதெல்லாம் தாடிக்காரப் பொம்மை வாயைத் திறக்க, இரண்டு பக்கமும் உள்ள ஆடுகள் அவன் கன்னத்தில் முட்டும். ஐந்து மணி ஆகச் சில நிமிடங்கள் இருந்தன. குழந்தைகளும் வெளியூர்க்காரரும் அண்ணாந்து பார்த்து நின்றார்கள். "இதை இன்னும் நான் பார்த்ததில்லை" என்றாள். கோயிலுக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறோமே என்றேன். "நீங்கள் நிற்காமல் போய்விடுவேளே. பின்னாலே வருகிறவள் எப்படி நிற்பது?" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, கணக்கைச் சொல்வது போலச் சொன்னாள். ஐந்து அடித்தது. ஆடுகள் ஐந்து முறை முட்டின. அவள் சிரித்தாள். அந்த ஆடுகள் என்னையே முட்டியதாக நான் நினைத்துக்கொண்டேன்.

மண்டபத்தில் எண்ணெய் விளக்குகள் ஏற்றப்பட்டிருந்தன. கூரையில் மண்பானைகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்டிருப்பது, ஒலி தெளிவாகப் பரவுவதற்காகச் செய்த பழைய ஏற்பாடு. நல்ல கூட்டம். எங்களுக்குக் கிடைத்த இடத்திலிருந்து நான் அவளைப் பார்க்க முடிந்தது. தோடய மங்களம் முடிந்தது. பொன்னம்மாள் பாடத் தொடங்கினார்.

அந்தக் குரலை வருணிக்க எனக்குத் தகுதி இல்லை. வயது தெரிந்தது, ஆனால் அவசரம் இல்லை. எதையும் நிரூபிக்க வந்தவர் போல அவர் பாடவில்லை. வீட்டுக் கூடத்தில் மாணவிக்குப் பாடிக் காட்டுவது போல, ஒவ்வொரு சொல்லையும் அதனதன் இடத்தில் வைத்துப் பாடினார். சிறிது நேரத்தில் நான் பாடகரைப் பார்ப்பதை விட்டு என் மனைவியைப் பார்க்கத் தொடங்கினேன். மடியில் அவள் வலக்கை தாளம் போட்டுக்கொண்டிருந்தது. என் தொடையில் என் கையும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. இரண்டும் சேரவில்லை. பொன்னம்மாள் சமத்துக்கு வந்தபோது அவள் கையும் சமத்துக்கு வந்தது. என் கை நிறுத்திக்கொண்டது. அவள் உதடுகள் அசைவதையும் அப்போதுதான் கவனித்தேன். ஒரு சொல்கூடத் தவறாமல் கீர்த்தனை முழுவதையும் அவள் ஓசையின்றிப் பாடிக்கொண்டிருந்தாள்.

எட்டரை மணிக்கு நிறைவுற்றது. யாரும் கைதட்டவில்லை. அந்த மௌனத்தில் எழுந்து வெளியே வந்தோம்.

அருகில் ஓர் உணவு விடுதியில் ஏறினோம். போளியும் பால் பாயசமும் திருவனந்தபுரத்தின் தனிச் சொத்து. கல்யாண இலையில் போளியைப் பாயசத்தில் குழைத்து உண்பது இவ்வூர் வழக்கம். இரண்டு பேருக்குமாகச் சொன்னேன். எதிரெதிரே உட்கார்ந்து உண்டோம். ஆண்களெல்லாம் உண்ட பிறகு பெண்கள் உண்ணும் வீட்டில் வாழ்ந்தவன் நான். என் மனைவி சூடாக ஒன்றை உண்பதை எதிரிலிருந்து நான் பார்த்ததில்லை. அவள் போளியை ஓரத்திலிருந்து கிள்ளிக் கிள்ளி, நடுவை மிச்சம் வைத்துத் தின்றாள். குழந்தைகள் அப்படித் தின்பார்கள். முப்பத்தேழு ஆண்டுகளில் எனக்குத் தெரியாத செய்தி.

"அந்தக் கீர்த்தனை உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"ஒன்பதும் தெரியும். வருஷா வருஷம் ரேடியோவில் கேட்கிறேனே."

வாயருகே கொண்டுபோன பாயசம் அப்படியே நின்றது. "அப்படியென்றால், நான் ராத்திரி வந்து சொன்னதெல்லாம்..."

"அதையும்தான் கேட்டேன்" என்றாள். பிறகு, அன்றைய மாலை கொடுத்த துணிவோ என்னவோ, சிரித்துக்கொண்டே சொல்லத் தொடங்கினாள். ஒருமுறை நான் பைரவி என்று வியந்தது முகாரியாம். இன்னொரு முறை ஒரு மணி நேரம் ஆலாபனை என்றேனாம். வானொலியில் பத்து நிமிடந்தான் வந்ததாம். வேறொரு நாள், கடைசி வரை இருந்து கேட்டதாக நான் சொன்ன கச்சேரியில் நிறைவாகப் பாடிய பாட்டையே மாற்றிச் சொன்னேனாம். அன்று நான் பாதியில் எழுந்து நண்பர்களோடு காப்பி குடிக்கப் போனது உண்மை.

"அப்போதே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தால் மறுநாள் நீங்கள் வந்து சொல்லமாட்டேளே" என்றாள்.

நான் பேச்சற்றுப் போனேன். ஞானமில்லாத ஒருவன் ஞானமுள்ள ஒருத்திக்கு முப்பத்தேழு ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறான். அவள் கேட்டுக்கொண்டிருந்தது சங்கீதத்துக்காக அன்று. வீட்டிலுள்ள பதினோரு பேரில் அவளிடம் மட்டும் நான் பேசிய அந்தக் கால் மணி நேரத்துக்காக. அதைக் காப்பாற்றிக்கொள்வதற்காகத் தனக்குத் தெரிந்ததையெல்லாம் தெரியாததாக வைத்துக்கொண்டாள்.

"நான் கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாயா?" என்று கேட்டேன்.

இல்லை, வீட்டு வேலை எங்கே விட்டது என்று ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என எதிர்பார்த்தேன். அவள் சொல்லவில்லை. "வந்திருப்பேன். வெளியே நின்றாவது கேட்டிருப்பேன்" என்றாள். அந்தச் சொல் இன்றும் என்னிடம் இருக்கிறது. அதற்கு மறுமொழி இல்லை.

நீல. பத்மநாபன் எழுதிய பள்ளிகொண்டபுரம் என்ற நாவலை உங்களில் பலர் படித்திருப்பீர்கள், 1970இல் வந்தது. மனைவி பிரிந்து போன ஒருவர் இதே கோட்டை, இதே தெருக்கள் வழியாக நினைவுகளைச் சுமந்துகொண்டு அலையும் கதை. படித்த காலத்தில் அந்த அனந்தன் நாயருக்காக இரங்கினேன். என் மனைவி எங்கும் போகவில்லை, பின்னாலேயே வருகிறாள் என்ற இறுமாப்பும் எனக்கு அப்போது இருந்தது. நாலடி பின்னால் வருகிறவளும் தொலைவில் இருக்கக்கூடும் என்பது உறைக்க அந்த உணவு விடுதியின் மேசை வேண்டியிருந்தது.

திரும்பி வரும்போது சாலைத் தெருவில் கடைகள் அடைத்துக்கொண்டிருந்தன. பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகும் ஓசை. சாக்குகளின் மேல் சுமைக்காரர்கள் சாய்ந்திருந்தார்கள். நாங்கள் அருகருகே நடந்தோம். மெட்டியின் ஓசை என் முதுகுக்குப் பின்னாலிருந்து வராமல் பக்கத்திலிருந்து வந்தது. அது புதிய ஓசையாக இருந்தது. அவள் அன்றைய கீர்த்தனையின் பல்லவியை மெல்ல முணுமுணுத்தாள். ஆரியசாலை தாண்டியதும் குரல் சற்று உயர்ந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் நின்றுவிடும் என்று பயம். அந்த ஒரு மாலையில் அவளிடமிருந்து நான் கற்றது அதுதான்.

எங்கள் தெருமுனை வந்தது. திண்ணைகளில் ஆட்கள் இருந்தார்கள். என்னை அறியாமலே என் கால்கள் விரைந்தன. மெட்டி ஓசை மறுபடியும் பின்னாலிருந்து வந்தபோதுதான் நான் முன்னே போய்விட்டதை உணர்ந்தேன். எண்ணிப் பார்க்கவில்லை, நாலடி இருக்கும். நின்றேன். திரும்பினேன். அவள் பாட்டை நிறுத்திவிட்டு, "போங்கோ, எல்லோரும் பார்க்கிறார்கள்" என்றாள். பார்க்கட்டும் என்று நின்றேன். அவள் வந்து சேர எடுத்துக்கொண்ட நேரம் சில விநாடிகள்தான். ஆனால் தாமிரவருணிக் கரையிலிருந்து என் முன்னோர் நடந்துவந்த தூரத்தைவிட அது எனக்கு நீளமாகத் தோன்றியது. பிறகு ஒன்றாக நடந்து எங்கள் வாசலை அடைந்தோம். அம்மா விழித்திருந்தார். "எப்படிப் பாடினாள்?" என்று கேட்டார். வாய் திறக்கப்போன நான் மூடிக்கொண்டு மனைவியைப் பார்த்தேன். அன்று கச்சேரியை விவரித்தவள் அவள். அம்மாவும் நானும் கேட்டோம்.

மறுநாள் காலையில் பரணிலிருந்து சுருதிப் பெட்டியை இறக்கச் சொன்னாள். ஏற்றியவனே இறக்கினேன். துருத்தி கிழிந்து, உள்ளே பல்லி முட்டையிட்டிருந்தது. சாலைத் தெருவில் ஒருவரிடம் கொடுத்துச் சீர் செய்து வாங்கிவந்தேன். முழுமையாகச் சரியாகவில்லை. ஒரு பக்கம் காற்று கசியும். அதற்கேற்ப அவள் கைவிரைவைக் கூட்டிக்கொள்வாள். அம்மா அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் இருந்தார். அந்த இரண்டு ஆண்டும் விளக்கேற்றும் வேளையில் பாட்டு கேட்ட பிறகே பால் குடிப்பார்.

பொன்னம்மாளுக்கு 2017இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2021 ஜூன் 22ஆம் நாள், தம் தொண்ணூற்றாறாம் வயதில், வலியசாலையிலுள்ள இல்லத்தில் அவர் மறைந்தார். அதே ஆண்டு ஜனவரியில் ஆ. மாதவனும் மறைந்திருந்தார். எங்கள் தெரு வீடுகளில் பல இன்று கைமாறிவிட்டன, திண்ணைகள் குறைந்துவிட்டன. பார்க்கும் கண்களும் குறைந்துவிட்டன. கணவனும் மனைவியும் கைகோத்து நடந்தால் இன்று யாரும் தலைநிமிர்ந்து பார்ப்பதில்லை. இளையவர்கள் பாக்கியசாலிகள். ஆனால் கைகோத்து நடந்துகொண்டே இருவரும் தனித்தனிக் கைப்பேசியைப் பார்ப்பதையும் காண்கிறேன். நாலடி என்பது காலால் மட்டும் அளக்கும் அளவன்று.

இப்போது எனக்கு முழங்கால் ஒத்துழைப்பதில்லை. மாலையில் தெருக்கோயில் வரை போய்வருவதே எங்கள் உலாத்தல். அவள் விரைவாக நடக்கிறாள், நான் பின்தங்குகிறேன். சில நாள் நாலடி இருக்கும், சில நாள் எட்டடி. அவள் நின்று திரும்பிப் பார்க்கிறாள். நான் வந்து சேரும் வரை காத்திருக்கிறாள். ஒருநாள்கூட நிற்காமல் போனதில்லை. முன்னே நடப்பவர் செய்ய வேண்டியது அது ஒன்றுதான் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

வேற்றூர்களில் குடியேறி வாழும் அன்பர்களே! நங்கையைப் போல நம் வீடுகளுக்கு வந்த பெண்கள், நங்கையைப் போலப் பத்தாம் நாள் திரும்பிப் போகவில்லை. தாங்கள் பிறந்த ஊரையும் கற்ற கலையையும் நம் பரண்களில் ஏற்றிவிட்டு இங்கேயே தங்கிவிட்டார்கள். காரணம் எதுவும் சொல்லாமல் ஒரு மாலை அவர்களை வெளியே அழைத்துச் செல்லுங்கள். எங்கே போவது என்று கேட்டால், அவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.

இக்கட்டுரையை முடித்ததும் அவளிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னாள். அன்று வாங்கிய பிச்சிப்பூ இரண்டு முழம் அன்று, ஒரு முழந்தானாம்.